இருபத்திரண்டு அடியில் ஒரு கோடு

ஏப்ரல் 4

வாலு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உன் போன் எண்ணை மாற்றிவிட்டாய். வீட்டை மாற்றவில்லை என்று உன் அத்தான் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விஷயம் விளக்கு. கொல்லைப்புற ஷட்டில் கோர்ட்டின் இரண்டு ஹாலஜன் விளக்குகள் உனக்குத் தெரியும், அடுத்தவர் மாட்டியதாக இருந்தால் நீ திட்டியிருப்பாய், நீயே மாட்டியதால் திட்டவில்லை. இரண்டு வருஷம் யாரும் அந்த சுவிட்சைத் தொடவே இல்லை. போன ஞாயிறு போட்டேன். வீட்டுச் சுவரில் இருப்பது எரிந்தது. எதிர்முனைக் கம்பத்தில் இருப்பது 'டப்' என்று வெடித்து உயிரை விட்டது. பின்வீட்டு நர்ஸ் ஜன்னலைத் திறந்து, "யாருக்காவது அடிபட்டுதா?"ன்னு கத்தினாள். இல்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இனி ஹாலஜனே வேண்டாம், எல்.இ.டி. மாட்டிவிடலாம் என்கிறார் அத்தான். எது வாங்குவது, எப்படி மாட்டுவது என்று இரண்டு வரி எழுது. போதும்.

எதற்கு இப்போது விளக்கு என்று கேட்பாய். கிளப்பில் முதல் தடவையாக நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இரட்டையர் போட்டி வைக்கிறார்கள். ஜூன் முதல் வாரம். ஆபீஸ் முடிந்து வந்துதான் நான் பயிற்சி எடுக்க முடியும், அதற்கு வெளிச்சம் வேண்டும். படிவத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். ஜோடி என்ற கட்டம் காலியாக இருக்கிறது. மே இருபதுக்குள் கொடுக்க வேண்டுமாம்.

அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

காதில் பூ சுற்றாதே. விளக்கைப் பற்றிச் சொல்ல உன் ஊரில் எலக்ட்ரீஷியனே இல்லையா? முதல் பக்கம் முழுக்க விளக்கு, கடைசி நாலு வரியில் காலிக் கட்டம். எடை அளவு ஆய்வாளர் அம்மா, உங்கள் கடிதத்தில் எந்தத் தட்டு கனமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

சரி, நானும் நேராகவே சொல்கிறேன். நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். இரண்டு வருஷம் முன்னால், அந்தக் கடைசி ஆட்டத்தில் நீயும் நானும் ஒரு பக்கம். அத்தானும் நர்ஸும் எதிர்ப்பக்கம். அவர்கள் இருபது, நாம் பத்தொன்பது. பந்து நம் பக்கம், வீட்டுச் சுவரை ஒட்டிய பின்கோட்டில் விழுந்தது. நான் "வெளியே!" என்று கத்தினேன். எதிராளிகள் வாயே திறக்கவில்லை. என் ஜோடி, என்னைத் தூக்கி வளர்த்த அக்கா, பத்துப் பேர் முன்னால், "உள்ளதான் விழுந்துச்சு. அழுகுணி ஆட்டம் ஆடாதடி"ன்னு சொன்னாய்.

தோற்றது எனக்கு வலிக்கவில்லை. அந்த வார்த்தை வலித்தது. இப்போதும் வலிக்கிறது. அதை நீ வாபஸ் வாங்கும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். போனில் பேசலாம் என்றும் ஆரம்பிக்காதே. உன் குரலைக் கேட்டால் எனக்குச் சண்டை வரும். கையெழுத்து என்றால் பாதிச் சண்டைதான் வருகிறது.

ஆனால் விளக்கு பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. கேட்டுக்கொள். மெயினை அணைக்காமல் எதையும் தொடாதே. எரிந்து அணைந்த ஹாலஜன் இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சுடும், அரை மணி நேரம் விடு. எல்.இ.டி. வாங்கும்போது முழு விளக்காக, மழை தாங்குவதாக வாங்கு. மீதியைப் பிறகு எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் குளிர்கிடங்கில் இன்றைக்கு நாற்பது விளக்கு மாற்ற வேண்டும். மைனஸ் பதினெட்டில் ஏணி ஏறிப் பார், உன் நியாயமெல்லாம் உறைந்துபோகும்.

வாலு இல்லை, உன் தங்கை


ஏப்ரல் 17

வாலு,

'மீதியைப் பிறகு' என்று எழுதினாயே, அந்த மீதி வருவதற்குள் நான் கடைக்குப் போய்விட்டேன். பொறுக்க முடியவில்லை. இப்போது சிரிக்காமல் படி.

முழு விளக்கு எதற்கு, பழைய கூட்டுக்குள்ளேயே போடுகிற மாதிரி எல்.இ.டி. குச்சி இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். வெடித்த ஹாலஜன் குழலை ஆபீஸ் அளவுகோலில் வைத்து அளந்தேன். நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர். குச்சியையும் அளந்தேன். நூற்றுப் பதினெட்டு. ஒரு மயிரிழை பிசகவில்லை. நான்கு குச்சி வாங்கினேன், இரண்டு உபரியாக இருக்கட்டும் என்று. மெயினை அணைத்து, அத்தானை ஏணி ஏற்றி, குச்சியை மாட்டச் சொன்னேன். அழகாக உட்கார்ந்தது. கண்ணாடி மூடியை மூடச் சொன்னேன்.

"மூடலியே."

"நல்லா அமுக்குங்க."

"அமுக்கினா உடையும். குண்டா இருக்கு. இது என்ன, சுரைக்காயா?"

நீளத்தை மூன்று தடவை அளந்தேன், வாலு. பருமனை அளக்கவே இல்லை! ஊரில் உள்ள தராசுக்கெல்லாம் முத்திரை குத்துகிறவள் நான். அத்தான் ஏணியின் உச்சியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கம்பமே ஆடியது. தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் இப்போது என் கதையைக் கேட்டுவிட்டுத்தான் எழுத்துப் பலகையையே படிக்கிறார்கள்.

நீ எழுதிய அந்த வார்த்தையைப் பற்றி. என் கண்ணில் கோளாறு என்று நீ நினைக்கலாம். மறுநாளே அத்தானிடம் பரிசோதித்தேன். கடைசி வரிவரை படித்தேன். பந்து கோட்டுக்கு உள்ளே நாலு விரற்கடையில் விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? தங்கை என்பதற்காக முத்திரை குத்த எனக்குத் தெரியாது.

ஆனால் பத்துப் பேர் முன்னால் சொன்னது தப்பு. அது எனக்கும் உறுத்துகிறது.

அக்கா


ஏப்ரல் 24

தராசு அக்கா,

சிரித்தேன். முகமூடிக்குள் சிரித்ததில் மூச்சு உறைந்து மூக்கில் பனி கட்டிவிட்டது. மேஸ்திரி, "என்னம்மா, அழறியா?"ன்னு கேட்டார். பக்கத்தில் இருந்தால் அத்தானோடு சேர்ந்து இன்னும் ஒரு மணி நேரம் சிரித்திருப்பேன். பக்கத்தில் இல்லை என்பது அப்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

நான்கு குச்சியையும் திருப்பிக் கொடு. உள்ளே நுழைந்திருந்தாலும் அந்தப் பூட்டிய கூட்டுக்குள் சூடு போக வழியில்லாமல் சீக்கிரம் செத்துப்போகும். முழு விளக்கை வாங்கு. இந்தத் தடவை என் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போ.

பெட்டியின் மேல் வாட் பெரிய எழுத்தில் இருக்கும், அதைப் பார்க்காதே. லூமென் என்று சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும், அதுதான் வெளிச்சம். உன் பழைய ஐந்நூறு வாட் ஹாலஜன் கொடுத்தது ஒன்பதாயிரம், பத்தாயிரம் லூமென். அதே வெளிச்சத்தை எண்பது, தொண்ணூறு வாட்டில் எல்.இ.டி. கொடுத்துவிடும். மீதி நானூறு வாட்டை இத்தனை வருஷம் நீ பூச்சிகளுக்குக் குளிர்காயக் கொடுத்தாய்.

நிறத்துக்கும் எண் உண்டு. மூவாயிரம் என்றால் பழைய மஞ்சள். ஆறாயிரத்து ஐந்நூறு என்றால் ஆஸ்பத்திரி வெள்ளை, நர்ஸுக்கு வேலைக்குப் போன மாதிரியே இருக்கும். நாலாயிரம் வாங்கு. வெள்ளைப் பந்து பளிச்சென்று தெரியும்.

முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, செத்துப்போன கம்பத்து விளக்கு இருந்த இடத்தில் மாட்டு. முகத்தை நன்றாகத் தரையைப் பார்க்கச் சாய்த்துவிடு, நர்ஸின் ஜன்னலில் அடிக்கக் கூடாது. உண்மையில் இரண்டு விளக்குமே கோர்ட்டின் பக்கவாட்டில் இருக்க வேண்டும், முனையில் இருந்தால் கண்ணில் குத்தும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, கத்துக்குட்டி. பக்கவாட்டுக்கு மாற்ற புது வயர் இழுக்க வேண்டும். அதை நீங்கள் இருவரும் செய்யக் கூடாது. தெரிந்த ஆள் வேண்டும்.

'உறுத்துகிறது' என்று எழுதியிருந்தாய். நன்றி. ஆனால் நான் கேட்டது அது இல்லை.

வாலு


மே 2

வாலு! வாலு!

எரிந்துவிட்டது! ஐயோ, நீ பார்க்க வேண்டும்! அத்தான் மாட்டி இறங்கினார், நான் மெயினைப் போட்டேன், சுவிட்சைத் தட்டினேன். அந்த முனை முழுக்கப் பட்டப்பகல். வேலியோரத்தில் கிடந்த இரண்டு வருஷத்து இறகுப் பந்து ஒன்று என்னைப் பார்த்தது. வலையில் எத்தனை கண்ணி கிழிந்திருக்கிறது என்று இங்கிருந்தே எண்ணிவிட்டேன், பதினேழு. டியூப்லைட்டைப் போல ஒரு நொடி யோசித்து எரிகிற வழக்கமெல்லாம் இல்லை. தட்டினால் வெளிச்சம்!

நர்ஸ் மட்டையோடு வேலியைச் சுற்றி ஓடி வந்தாள். "என் ரூம்ல இருட்டு, இங்க வெளிச்சம், இதை முன்னாடியே பண்ணியிருக்கலாம்ல?"ன்னு கேட்டாள். மூன்று பேரும் ஆடினோம். எனக்கு மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, நிறுத்த மனசே வரவில்லை. ஒவ்வொரு தடவை பந்து என் இடது பின்பக்கம் போனபோதும் நான் விட்டுவிட்டேன். அந்த இடம் உன்னுடையது. என் கால் அங்கே போக மறுக்கிறது.

ஒரே ஒரு கோளாறு. அணைத்த பிறகும் விளக்கு சாகவில்லை. உள்ளே மங்கலாக, பூனைக்கண் மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கிறது. அத்தான் பயப்படவில்லை என்கிறார், ஆனால் கொல்லைப்புறம் போகவும் மாட்டேன் என்கிறார்.

நர்ஸ் ஒன்று சொன்னாள். "ஜோடிக்கு நான் வேணா வரட்டுமா? இந்தத் தேதியில எனக்கு லீவு இருக்கு." வாலு, அந்தக் கட்டத்தில் வேறு பெயர் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. உன்னோடு ஆட வேண்டும். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்ததை மாற்றிச் சொல்லி உன்னைக் கூப்பிட்டால், அது உனக்கே அவமானம் இல்லையா?

அக்கா


மே 7

அக்கா,

சுவிட்சில் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று எரியும், பார். அதன் வழியாகக் கசிகிற துளி மின்சாரம் போதும், எல்.இ.டி. மினுக்கும். ஹாலஜனுக்கு அது உறைக்காது. சிவப்பு விளக்கு இல்லாத சுவிட்ச் வாங்கி மாட்டச் சொல். அத்தான் கொல்லைப்புறம் போகலாம்.

இரண்டாவது விளக்கை வாங்குமுன் ஒரு சோதனை செய். வீட்டுச் சுவரில் பழையது, கம்பத்தில் புதியது, இரண்டையும் போடு. வலையில் இருந்து பின்கோடுவரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்துகொள். நாலு நாலு அடிக்கு ஒரு தடவை நின்று பந்தை மேலே அடி. எந்த அடியில் பந்து கண்ணில் இருந்து மறைகிறது என்று குறித்து அனுப்பு. அதை வைத்துப் பக்கவாட்டில் எங்கே மாட்டுவது என்று படம் போட்டுத் தருகிறேன். உன் ஊர் ஆளிடம் கொடு.

கட்டத்தில் நர்ஸ் பெயரை எழுது. நன்றாக ஆடுவாள். என் முதுகில் 'அழுகுணி' என்று ஒட்டிவிட்டு, பக்கத்தில் வந்து நில் என்கிறாய். என்னால் முடியாது அக்கா. படம் அனுப்புவதோடு என் கடிதம் முடிந்தது.

தங்கை


மே 12

வாலு,

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தயவுசெய்து கடைசிவரை படி.

நேற்று பொழுது சாய்ந்ததும் நீ சொன்னபடி இரண்டு விளக்கையும் போட்டேன். கம்பத்துப் பக்கம் அளந்தேன். வலையில் இருந்து பின்கோடு இருபத்திரண்டு அடி. சரி. வீட்டுப் பக்கம் அளந்தேன். இருபத்திரண்டு அடி ஒன்பது அங்குலம். எனக்குச் சுருக்கென்றது. சிமெண்டுத் தரையில் அந்த நீலக் கோடுகளை அளந்து தீட்டியவள் நான். மறுபடி அளந்தேன். அதே ஒன்பது அங்குலம். டேப் பழுது என்று உள்ளே ஓடி ஆபீஸ் டேப்பை எடுத்து வந்தேன். அதுவும் அதையே சொன்னது. கோபத்தில் கோட்டின் மேலேயே காலை ஊன்றி நின்று குனிந்து பார்த்தேன்.

கோடு என் கால் மேல் ஏறி நின்றது.

செருப்பின் வார் மேல், விரல்கள் மேல், குறுக்கே, கருப்பாக. காலை எடுத்தேன், தரையில் இருந்தது. வைத்தேன், காலில் இருந்தது. வாலு, அது கோடே இல்லை. நிழல்!

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் விளக்கு. அதற்கு முன்னால், சுவரில் இருந்து ஓர் எட்டுத் தள்ளி, துணி காயப்போடும் இரும்புக் குழாய். "என்னங்க, அந்தக் குழாயைத் தூக்குங்க"ன்னு கத்தினேன். அவர் கொக்கியில் இருந்து தூக்கினார். தரையில் இருந்த கோடு அப்படியே எழுந்து கோர்ட்டுக்குள் நடந்து வந்தது. அவர் இறக்கினார், அது சுவரைப் பார்க்கப் பின்னால் போனது. "ஐயையோ"ன்னு அவர் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டார்.

நிஜமான நீலக் கோடு ஒன்பது அங்குலம் உள்ளே இருக்கிறது. துணி துவைத்த தண்ணீர் ஓடி ஓடி அன்றைக்கே தேய்ந்திருக்க வேண்டும், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. நிழலோ மை போட்டு இழுத்த மாதிரி இருந்தது. "இந்தக் குழாயை எப்ப மாட்டினீங்க?"ன்னு கேட்டேன். அவர் குழாயை மெதுவாகக் கொக்கியில் மாட்டினார். "அன்னிக்குக் காலைலதான். ஆட வர்றவங்க துண்டு போட இடம் வேணும்னு நீதானே சொன்னே."

நான்தான் சொன்னேன்.

பந்து கோட்டுக்கு நாலு விரற்கடை உள்ளே விழுந்தது என்று உனக்கு எழுதினேன் அல்லவா? நிழலுக்கு நாலு விரற்கடை உள்ளே. நிஜக் கோட்டுக்கு அரை அடி வெளியே. வெளியே, வாலு. நீ கத்தினாயே, அதேதான். என் கண் சரியாக இருந்தது, நான் பார்த்த கோடு தப்பு. பத்துப் பேர் முன்னால் உண்மையைச் சொன்ன உன்னை அழுகுணி என்றேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். வாங்கினால் மட்டும் போதாது என்று தெரியும். இரண்டு வருஷம் உன்னை நான் இழந்தது ஒரு குழாயின் நிழலுக்காக. என்னை மன்னித்துவிடு.

இன்று காலை நேரே நர்ஸ் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அன்றைக்கு ஆட்டம் பார்க்க வந்த மற்ற எட்டுப் பேர் வீட்டுக்கும் போகிறேன். மூன்று வீடு முடிந்தது.

பந்து எங்கே மறைகிறது என்று நீ கேட்ட கணக்கை எடுக்க மறந்தே போனேன்.

அக்கா


மே 15

அக்கா,

உன் கடிதம் மதியம் வந்தது. கிடங்கின் வெளிக்கதவருகே நின்று படித்தேன். உள்ளே போகவில்லை, மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டும் போகவில்லை. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேருமுன் இன்னும் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பாயோ. நிறுத்து. மீதி வீட்டுக்குப் போகாதே.

நான் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதத் தொடங்கி நாலு தாள் கிழித்தாயிற்று.

அந்தப் பந்தை நான் பார்க்கவே இல்லை.

தலைக்கு மேலே போனது. பின்னால் ஓடினேன். கம்பத்து விளக்கு கண்ணில் அடித்து ஒரே வெள்ளை. எங்கேயோ 'டொக்' என்று சத்தம் கேட்டது. உள்ளேயா வெளியேயா, எனக்குத் தெரியாது. தோற்கப் பிடிக்கவில்லை, "வெளியே"ன்னு கத்திவிட்டேன். அது வெளியே விழுந்தது என்று முதல் தடவையாக உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்கே தெரிகிறது.

நீ தப்பாகச் சொன்னாய் என்று எனக்குக் கோபம் இல்லை அக்கா. சரியாகச் சொல்லிவிட்டாய் என்றுதான் கோபம். பத்துப் பேர் முன்னால் என் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாளே என்று கூசிப்போய்த்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். போன் எண்ணை மாற்றியதும் அதனால்தான். வார்த்தையை வாபஸ் வாங்கு, வாங்கு என்று நான் அடம்பிடித்தது, நீ வாங்கிவிட்டால் நானே நம்பிவிடலாம் என்றுதான்.

பேசாமல் இருந்திருக்கலாம். நீ மன்னிப்பும் கேட்டுவிட்டாய். ஆனால் நீ டேப்பை எடுத்துக்கொண்டு உன் பக்கத்துத் தப்பையே மூன்று தடவை அளந்து எனக்கு எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

இப்போது கட்டத்தில் யார் பெயரை எழுத வேண்டுமோ எழுது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வாலு


மே 18

வாலு,

அத்தானும் நர்ஸும் கொல்லைப்புறத்தில் இருந்தார்கள். உன் கடிதத்தை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, அவர்களும் அந்த ஆட்டத்தில் ஆடியவர்கள். முடித்ததும் மூவரும் ஒரே சமயத்தில் சிரித்தோம், எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

நீ பந்தைப் பார்க்கவில்லை. நான் கோட்டைப் பார்க்கவில்லை. அவர்கள் இருவரும் அந்தப் பக்கம் நின்றார்கள், எதையுமே பார்க்கவில்லை. கிளப்பின் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பந்து விழுந்தது உள்ளேயா வெளியேயா என்று அந்த நேரத்தில் யாருமே சரியாகப் பார்க்கவில்லை என்றால் அந்தப் புள்ளி செல்லாது. மறுபடி ஆட வேண்டும். தெளிவாகப் போட்டிருக்கிறது.

நர்ஸ் உடனே, "சரி, ஆடிடலாம்"ன்னாள். அத்தான்தான் சம்மதிக்கவில்லை. "உங்க ரெண்டு பேரையும் நான் ஜெயிச்சிருக்கேன்னு வாழ்க்கைல ஒரே ஒரு பெருமைதான் இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டீங்களா?"ன்னு கேட்டுவிட்டு, மட்டையைத் துடைக்க உள்ளே போனார்.

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். கட்டத்தில் உன் பெயரை எழுதினேன். நல்ல கையெழுத்தில், அழுத்தி, இனி யாரும் அழிக்க முடியாதபடி.

இரண்டாவது விளக்கு பெட்டியில் இருக்கிறது. குழாயைக் கழற்றிவிட்டோம். நீலக் கோட்டை, இருபத்திரண்டு அடியில், நேற்று புதிதாகத் தீட்டிவிட்டேன். வயர் இழுக்க வேறு ஆளைக் கூப்பிடவில்லை. பகலில் விளக்கை மாட்டு. சாயங்காலம் வெளிச்சம் போட்டதும் ஆட்டம்.

அவர்கள் இருபது, நாம் பத்தொன்பது. சர்வீஸ் அத்தான் கையில். உன் இடம் இடது பின்பக்கம். சீக்கிரம் வா.

அக்கா